சிவப்பு விளக்கில் செத்துப்போகும் சி-70

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆரம்பித்தது. பெரிய சாலையில் சிவப்பு விளக்கு விழுந்தது, நின்றேன், அப்பாவின் பழைய மோட்டார்சைக்கிள், ஹோண்டா சி-70, நாலைந்து தடவை இருமிவிட்டுச் செத்துப்போனது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. அவசர அவசரமாக உதைத்தேன், பிடித்துக்கொண்டது. பச்சை விழுந்ததும் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடியது. அடுத்த விளக்கில் மறுபடியும் அதே கூத்து.

ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. விடியற்காலைக் குளிரில் சோக்கை இழுத்து ஒரே உதையில் எடுக்கும். கால் மணி நேரம் ஓடிச் சூடேறியபின் நின்றால்தான் வியாதி. டுக்டுக்டுக் என்று போய்க்கொண்டிருப்பது ஓர் அடி விடும், கொஞ்சம் பொறுத்து இரண்டு அடி விடும், அப்புறம் மூச்சே நின்றுவிடும்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர், மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் என்றால் 1948 நினைவுக்கு வரும். ஜூன் 16-ஆம் தேதி இங்கே தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொட்டு மலாயாவில் அவசரகாலம் வந்தது என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கும். எனக்கு ஊர் என்றால் காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்கு, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, கிளம்புகிற மோட்டார்களின் சத்தம்தான். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் படுத்துக்கொண்டே, இது யார் வீட்டு மோட்டார் என்று அண்ணனும் நானும் பந்தயம் கட்டுவோம். எங்கள் அப்பாவுடையது தனியாகத் தெரியும். அடிக்கு அடி இடைவெளி பிசகாது.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பால் வாளிகளைத் தொங்கவிட்டுச் சுமக்கிற காண்டா தூக்கிய தோள் இன்னும் ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கிறது. 1979-இல் மாதத் தவணையில் இந்த வண்டியை வாங்கினார். அவர் வாயில் ஹோண்டா என்று வராது, பூன் சியூ என்பார். ஹோண்டாவை 1958-இல் மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் பினாங்குக்காரரான லோ பூன் சியூ. அந்தத் தலைமுறைக்கு வண்டியின் பெயரும் அதுவாகவே ஆகிவிட்டது. அதே 1958-இல்தான் ஜப்பானில் சூப்பர் கப் வெளிவந்தது. அந்தக் 'கப்' தான் இங்கே கப்சாய் ஆனது. எங்கள் சி-70 அதன் தம்பி. பின்னால் இரண்டு பக்கமும் பால் தகரம் கட்டி ஸ்டோருக்குப் போன வண்டி. மழை பெய்தால் கேரியரில் இன்னும் உறைந்த ரப்பர், அதாவது ஒட்டுப்பால் வாசம் வருகிறது. என் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு ஒன்றும் தோன்றாது.

நான் அதே தோட்டத்து ஆபீசில் கிராணி, கணக்கு எழுதுகிறவள். ஆட்களின் வேலைநாள், சம்பளக் கணக்கான செக்ரோல் எழுதி இருபத்தாறு வருஷம் ஆகிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடைசியில் வண்டியைச் சரிசெய்தது என் கைவேலை இல்லை, கணக்கு எழுதுகிற புத்திதான்.

முதலில் ஊருக்குள் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம். பையன் இரண்டு தடவை ஆக்சிலேட்டரை முறுக்கிக் கேட்டுவிட்டு, "கார்புரேட்டர் போச்சு அக்கா, புதுசு போட்டுடலாம்" என்றான். 85 வெள்ளி, அதாவது ரிங்கிட். சாயந்தரம் போனபோது புதுக் கார்புரேட்டர் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. பழையதைக் கேட்டு வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவந்தேன். காசு கொடுத்து ஒன்றை மாற்றினால் பழையதை வாங்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். அது என்னைக் காப்பாற்றியது.

வண்டி இப்போது விளக்கில் சாகவில்லை, பாய்ந்தது. விஷயம் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். சி-70-இல் கிளச் பிடி கிடையாது. எஞ்சின் வேகம் ஏற ஏறத் தானாகவே பிடித்துக்கொள்கிற கிளச். வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுகிற வேகத்துக்கு ஐடல் என்று பெயர்; அதை வைக்கிற ஐடல் ஸ்குரூவை அளவுக்கு மேல் ஏற்றிவைத்தால், முதல் கியரில் நிற்கும்போதே வண்டி மாடு மாதிரி இழுக்கும். பையன் நோயைத் தீர்க்கவில்லை, சாக விடாமல் தூக்கிப் பிடித்திருக்கிறான். ரொட்டி விற்கிற வேனின் பின்பக்கத்தில் இரண்டு தடவை முட்டப்போனேன்.

அப்பா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. கேட்டால்தான் சொல்வார். மூன்றாம் நாள் கேட்டேன்.

"வெளிமூச்சு எப்படி வருதுன்னு பாத்தியா?"

"எப்படிப்பா பாக்கறது?"

"ஒரு வெள்ளி நோட்டு குடு."

கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது பிளாஸ்டிக்கு. விறைச்சுக்கிட்டு நிக்கும். காயிதம் குடு." கையில் இருந்தது அந்தப் பட்டறை பில்தான். அதைச் சைலன்சர் வாய்க்கு முன்னால் இரண்டு விரலில் பிடித்தார். எஞ்சின் சூடாக இருந்தது. ஸ்குரூவை நான் இறக்கிவிட்டிருந்தேன். காகிதம் வெளிப்பக்கமாகப் படபடவென்று அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது, திடீரென்று ஒரு தடவை சைலன்சர் வாயில் போய் ஒட்டி விலகியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒட்டியது. 85 வெள்ளி பில்லை வண்டியே உறிஞ்சியதைப் பார்த்து அப்பாவுக்குச் சிரிப்பு.

ஊதுகிற குழாய் உறிஞ்சக் கூடாது. உறிஞ்சுகிறது என்றால் புகையை வெளியே விடுகிற வெளிவால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகப்படலாம். பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை இழுக்கும்போது, மூடாத வால்வு வழியாகப் புகைக்குழாயிலிருந்தும் கொஞ்சம் இழுக்கிறது.

அன்று ராத்திரி பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றில் காலியாக இருந்த பக்கத்தை எடுத்துக் கோடு போட்டேன். தேதி, என்ன மாற்றினேன், குளிரில் எப்படி, சூட்டில் எப்படி என்று நாலு பத்தி. ஒரு வரிக்கு ஒரு மாற்றம்தான், அதை ஓட்டிப் பார்த்து எழுதாமல் அடுத்ததைத் தொடக் கூடாது. முதல் வரியில் பட்டறைக்காரன் செய்ததை எழுதப் போனபோதே இடித்தது. கார்புரேட்டர், ஐடல் ஸ்குரூ, காற்றுத் திருகு என்று மூன்றை ஒரே நாளில் மாற்றியிருக்கிறான். எது என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி ராத்திரி முழுக்க ஆறியபின், டேப்பெட்டை, வால்வின் இடைவெளியைச் சரிசெய்கிற இடத்தை, திறந்தேன். இதைச் சூடாக இருக்கும்போது செய்யவே கூடாது. சி-70-இன் சிலிண்டர் ஏறக்குறையப் படுத்த மாதிரி இருக்கும். அதனால் உள்வால்வின் மூடி தலைக்கு மேலே, வெளிவால்வின் மூடி தலைக்கு அடியில். இரண்டுக்கும் 17 நம்பர் ஸ்பேனர். இடது பக்கத்து மூடியைக் கழற்றினால் ஃப்ளைவீல் தெரியும். அதைச் சுற்றி, பிஸ்டன் உச்சியில் இருப்பதைக் காட்டுகிற 'டி' குறியைக் கேஸில் இருக்கிற கோட்டுக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். அங்கேதான் பலர் ஏமாறுவார்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்தக் குறி இரண்டு சுற்றுக்கு இரண்டு தடவை வரும், அதில் ஒன்றுதான் நமக்கு வேண்டிய அமுக்கம், இரண்டு வால்வும் மூடியிருக்கிற நேரம். வால்வை அமுக்குகிற ராக்கரை விரலால் ஆட்டிப் பார்த்தால் இரண்டும் லேசாகத் தளர்ந்திருக்க வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் இன்னொரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

நான் சுற்றினேன். உள்வால்வு தளர்வாக இருந்தது. வெளிவால்வு இறுக்கம். சரி, தப்பான சுற்று என்று இன்னொன்று சுற்றினேன். இப்போது இரண்டுமே இறுக்கம். மறுபடி பழைய இடத்துக்கே வந்தேன். உள்வால்வு தளர்வு, வெளிவால்வு இறுக்கம். குறி சரிதான், இடைவெளிதான் இல்லை என்று புரிய எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து உள்ளே போய் ஒரு கோப்பி ஓ கலக்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

இரண்டு வால்வுக்கும் அளவு 0.05 மில்லிமீட்டர். தலைமுடி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில் இருப்பதிலேயே மெல்லிய தகடு, மடங்கினால் போச்சு. உள்வால்வில் அது வெண்ணெயில் கத்தி போவது போலப் போனது. வெளிவால்வில் நுனி கூட நுழையவில்லை. வருஷக்கணக்கில் வால்வு தன் இருக்கையில் அடித்து அடித்து உள்ளே இறங்கும், இறங்க இறங்க அந்த இடைவெளி தின்னப்படும். குளிரில் எப்படியோ மூடிக்கொள்கிறது, சூடேறி வால்வு நீண்டதும் முழுதாக மூட இடம் இல்லை. வேகமாக ஓடும்போது கசிவுக்கு நேரம் போதாது, ஐடலில் தாராளமாக நேரம் கிடைக்கிறது. ஓடினால் சுகம், நின்றால் வியாதி என்பதற்கு அர்த்தம் அதுதான்.

லாக் நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து சுற்றிவிடும். மூன்று தடவை அளவு மாறிப்போனது. நாலாவது தடவை நின்றது. தகடு போகவும் வேண்டும், போகும்போது லேசாகப் பிடிக்கவும் வேண்டும்.

செக்ரோலில் இரண்டாவது வரி எழுதிவிட்டு உதைத்தேன். வண்டி அலறியது. அமுக்கம் திரும்பி வந்துவிட்டதே, அதே ஸ்குரூவுக்கு இப்போது வேகம் கூடிவிட்டது. ஸ்குரூவை இறக்கினேன். காகிதம் பிடித்தேன். ஒரு தடவை கூட ஒட்டவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து லிந்தாங் சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நிறுத்தினால், ஐடல் ஏறுகிறது, இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. அலை மாதிரி. ஆக்சிலேட்டரை விட்டால் வேகம் உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டு நின்று மெதுவாக இறங்குகிறது.

இது பழைய வியாதி இல்லை. பழையது அடி விடுகிற வியாதி, இது ஊஞ்சலாடுகிற வியாதி. என் வேலையில் இப்படி வரும். ஒரே பத்தியில் இரண்டு தப்பு, ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு கூட்டுத்தொகை ஏறக்குறையச் சரியாக வந்துவிடும். ஒன்றைத் திருத்தினால்தான் மற்றது தலையை நீட்டும். திருத்தினதால் கெட்டுப்போச்சு என்று புதுக் கிராணிகள் அழுவார்கள்.

"பிளாட்டினத்த மாத்து" என்றார் அப்பா. பிளக்கில் பொறி விழவைக்கிற தொடுமுனைக்குத்தான் பிளாட்டினம் என்று பெயர். அவருக்கு எல்லா நோய்க்கும் அது ஒரு மருந்து. மாற்றவில்லை, பார்த்தேன். ஃப்ளைவீல் ஜன்னல் வழியாகவே அளக்கலாம். இடைவெளி 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் இருக்க வேண்டும், இருந்தது. நேரம் பார்க்க அவர் பழைய வித்தை ஒன்றைக் காட்டினார். சிகரெட் சுற்றுகிற மெல்லிய தாளைப் பிளாட்டினத்துக்கு நடுவில் வைத்து லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு ஃப்ளைவீலைச் சுற்ற வேண்டும். பொறி விழ வேண்டிய நேரத்தைக் காட்டுகிற 'எஃப்' குறி கோட்டுக்கு வருகிற நேரத்தில் தாள் நழுவி வர வேண்டும். வந்தது. மூன்றாவது வரியில் 'பிளாட்டினம் பார்த்தேன், தொடவில்லை' என்று எழுதினேன். டேங்க் மூடியைத் திறந்துவைத்தும் ஓட்டிப் பார்த்தேன், மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் வண்டி நிற்கும் என்பதால். ஒரு வித்தியாசமும் இல்லை.

பிளக்கைக் கழற்றினேன். ஐந்து வருஷமாக இந்த வண்டியின் பிளக்கு நுனி பழுப்பாக இருந்துதான் பார்த்திருக்கிறேன். இப்போது சுண்ணாம்பு மாதிரி வெளிறிக் கிடந்தது. பெட்ரோல் போதவில்லை, அல்லது காற்று மிஞ்சுகிறது. சூடான எஞ்சினில் சோக்கைப் பாதி இழுத்தேன். ஊஞ்சல் நின்றது. சோக் என்றால் காற்றைக் குறைப்பது, காற்றைக் குறைத்ததும் குணமாகிறது. அப்படியானால் எங்கோ திருட்டுத்தனமாகக் காற்று உள்ளே வருகிறது.

இந்த இடத்தில் சிலர் கார்புரேட்டர் ஸ்ப்ரேயை அடிப்பார்கள். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் எரிகிற திரவம் அடிக்க எனக்குத் துணிச்சல் இல்லை. துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்கிற பாட்டிலை எடுத்துவந்தேன். முன்மறைப்பைக் கழற்றிவிட்டு, எஞ்சின் ஓட ஓடக் கார்புரேட்டர் எஞ்சினுக்குப் போகிற குழாயில், மெனிஃபோல்டில், சேருகிற இடத்தில் மெல்லத் தெளித்தேன். முன்பக்கம் ஒன்றும் இல்லை. பின்பக்கம் பட்டதும் ஊஞ்சல் நின்று டுக்டுக்டுக் என்று சமமாக ஓடியது. மூன்று விநாடி. தண்ணீர் போனதும் மறுபடி ஆட்டம். ஐந்து தடவை தெளித்தேன், ஐந்து தடவையும் அதே. சந்தேகத்துக்காக இல்லை, பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

புதுக் கார்புரேட்டரைக் கழற்றி, அதன் முகத்தை ஜன்னல் கண்ணாடி ஒன்றின் மேல் வைத்து விரலால் தட்டினால் ஆடுகிறது. இரண்டு நட்டையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கியிருக்கிறார்கள், மலிவு உலோகம் இரண்டு காதும் வளைந்து நடுவில் தூக்கிக்கொண்டது. அதற்குமேல், நடுவில் காற்றுக் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையமான ஓ ரிங் பழசு, நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்குக் கல்லாகக் கிடந்தது. புதுசுக்குப் பழைய ஓ ரிங்கைப் போட்டுவிட்டிருக்கிறார்கள். ஆக, நான் 85 வெள்ளி கொடுத்து வாங்கியது இரண்டாவது வியாதி.

பழைய கார்புரேட்டரான கெய்ஹினைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் வைத்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அசையவில்லை. பையில் கிடந்ததில் உள்ளே பெட்ரோல் காய்ந்து தேன் நிறத்தில் பிசின் பிடித்திருந்தது. ஐடலுக்குப் பெட்ரோல் தருகிற சின்ன ஜெட்டின் துளையில் வெளிச்சமே தெரியவில்லை. இதற்கு ஊசி போடக் கூடாது, எஃகு கீறிவிடும், அப்புறம் அந்த ஜெட்டின் அளவு வேறு. மின்கம்பியில் இருக்கிற செப்பு இழை ஒன்றைப் பிரித்து எடுத்துச் சுத்தம் செய்தேன். வானத்துக்கு எதிரே பிடித்தபோது ஊசிமுனை அளவு நீலம் தெரிந்தது.

ஓ ரிங்குக்காகப் பாசாரில் உதிரிப்பாகக் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீனத் தவுக்கேக்கு வயது அப்பாவைவிடக் கொஞ்சம் குறைவு, நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். கல்லான ரிங்கை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்து, "பாராங் லாமா, சுசா லா" என்று முதலில் மலாயில், பழைய சாமான், கஷ்டம்தான் என்கிற மாதிரி பெருமூச்சு விட்டார். பிறகு, "இரும்மா, அவசரப்படாதே" என்று உள்ளே போனவர் பத்து நிமிஷம் கழித்துப் பழைய பிஸ்கட் டின் ஒன்றோடு வந்தார். அதில் எந்த உறையிலும் பெயர் இல்லை. விரலால் துழாவி ஒன்றை எடுத்தார். இரண்டு வெள்ளி. உங்கப்பா இன்னும் ஓட்டுறாரா என்று கேட்டார். ஓட்ட விடுவதில்லை என்றேன். "அதான் வண்டி கோவிச்சுக்குது" என்றார்.

பொருத்தும்போது நட்டுகளை மாற்றி மாற்றிக் கால் கால் சுற்றாக, கையால் பிடிக்கிற மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே மட்டும் இறுக்கினேன். அப்புறம் காற்றுத் திருகு. முழுக்க உள்ளே மெதுவாக மூடிவிட்டு ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பித்தேன். இந்த வண்டியில் அது காற்றை அளக்கிற திருகு, உள்ளே போனால் கலவை கெட்டிப்படும், வெளியே வந்தால் நீர்த்துப்போகும். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, கால் கால் சுற்றாகத் திருப்பி, வேகம் எங்கே அதிகமாகிறதோ அங்கே நிறுத்தி, பிறகு ஐடல் ஸ்குரூவால் இறக்க வேண்டும். புத்தகத்தில் ஐடல் நிமிஷத்துக்கு 1500 சுற்று. வண்டியில் சுற்று காட்டுகிற மீட்டர் கிடையாது. இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்றால் விநாடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று அடி. யாராலும் எண்ண முடியாது. ஆனால் அதில் ஒன்று விட்டுப்போனால் யாருக்கும் கேட்கும்.

அந்தச் சாயந்தரம் வண்டி வாசலில் தனியாக நின்று ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா துணி எடுக்க வந்தவர், "என்னம்மா, யாரோ வந்திருக்காங்கன்னு பாத்தேன்" என்றார். நான் செக்ரோலில் எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கை கழுவிவிட்டு வெளியே வந்தால் சத்தம் இல்லை. அப்பா ஸ்குரூ டிரைவரோடு குனிந்திருந்தார்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஐடலு கொஞ்சம் ஜாஸ்தி."

புத்தகத்தை மறுபடி திறந்தேன். எட்டாவது வரி: அப்பா ஐடல் ஸ்குரூ கால் சுற்று குறைத்தார். நின்றுவிட்டது. கால் சுற்று மறுபடி ஏற்றினார்.